ஸ்கேன் நார்மல்னு சொன்னாங்க, என் தம்பி நார்மலா இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல, தலையில அடிபட்டவங்களுக்கு மூளையில காயம் இருக்கான்னு ரத்தத்துலயே பாத்து சொல்ற டெஸ்ட் பத்தி ஒரு சின்ன செய்தி உள்பக்கத்துல ஓரமா போட்டிருந்தீங்க. நாலே பாரா. காலையில லேப் திறக்கறதுக்கு முன்னாடி டீக்கடையில நின்னு படிச்சேன், கடைக்காரர்கிட்ட கேட்டு அந்த துண்டை கிழிச்சு பையில வெச்சுகிட்டேன், ரெண்டு நாளா அதையே எடுத்து எடுத்து பாத்துகிட்டு இருக்கேன். நான் தண்டையார்பேட்டையில ஒரு சின்ன லேப்ல 19 வருஷமா ரத்தம் எடுக்கறேன். என் தம்பிக்கு போன வருஷம் தலையில அடிபட்டுச்சு. இந்த ரெண்டும் சேர்ந்து எழுத வெச்ச லெட்டர் இது, கொஞ்சம் நீளமா போயிடுச்சு, முடிஞ்சா முழுசா போடுங்க ஐயா.

தம்பிக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டுல வேலை. கேட்டுல நின்னு உள்ள வர்ற லாரி வெளிய போற லாரி எல்லாத்தோட கண்டெய்னர் நம்பரையும் பாத்து எழுதணும். அந்த நம்பரை நீங்களும் பாத்திருப்பீங்க, நாலு எழுத்து, ஏழு எண், மொத்தம் 11. அவன் ஒரு தடவ நிமிந்து பாப்பான், அப்புறம் குனிஞ்சு எழுதி முடிக்கற வரைக்கும் திரும்ப பாக்கவே மாட்டான், ராத்திரி சாப்பிடும்போது "இன்னைக்கு எத்தனை வண்டிடா"ன்னு கேட்டா அஞ்சாறு நம்பரை வாயாலயே சொல்லி அவன் பொண்ணை சிரிக்க வெப்பான். நவம்பர் மாசம், மழை விட்டு தூறல் போட்டுகிட்டு இருந்த நேரம், டூட்டி முடிச்சு பைக்ல வரான், ரோடு ஓரமா லாரிங்க வரிசை கட்டி நிக்குது, கீழ ஆயில் ஒழுகி தண்ணியில பரவி கெடக்கு. வண்டி வழுக்கிடுச்சு. ஹெல்மெட் போட்டு ஸ்ட்ராப்பும் மாட்டியிருந்தான், அதனாலதான் இன்னைக்கு அவன் உயிரோட இருக்கான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

பின்னாடி வந்த ஒரு லாரி டிரைவர் அண்ணன்தான் தூக்கி ஆட்டோவுல ஏத்தி எனக்கு போன் பண்ணாரு. நான் போய் சேர்ந்தப்போ தம்பி உக்காந்து பேசிகிட்டு இருக்கான், ஆனா "அக்கா என் போன் எங்க"ன்னு கேக்கறான், "உன் சட்டைப் பையிலதான்டா இருக்கு"ன்னு சொல்றேன், ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடியும் "அக்கா என் போன் எங்க". அந்த ஒரு மணி நேரத்துல எத்தனை தடவ கேட்டான்னு கணக்கே இல்ல. ஒரு தடவ வாந்தி எடுத்தான். சிடி எடுத்தாங்க, ரத்தக்கசிவு இல்ல, எலும்பு உடையல, நார்மல். ராத்திரி முழுக்க வெச்சு பாத்துட்டு காலையில வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அந்த டிஸ்சார்ஜ் சீட்டு இப்பவும் என்கிட்ட இருக்கு. "மைல்ட் ஹெட் இஞ்சுரி", கீழ ஒரு பாரசிட்டமால், அதுக்கும் கீழ "ரிவ்யூ எஸ்ஓஎஸ்". அதாவது தேவைப்பட்டா வாங்க. தேவைப்பட்டாங்கறதை யார் முடிவு பண்றது, எதை பாத்து முடிவு பண்றதுன்னு அதுல ஒரு வரி கிடையாது. டாக்டருங்களை நான் குத்தம் சொல்லல, அன்னைக்கு ராத்திரி அந்த ஒரு டூட்டி டாக்டர் எத்தனை ஸ்ட்ரெச்சர் பாத்தாருன்னு நான் கண்ணால பாத்தேன்.

ஒரு வாரம் நல்லாத்தான் இருந்தான். அப்புறம் தலைவலி. டியூப் லைட் வெளிச்சம் கண்ணு கூசுதுன்னான், ஃபேன் சத்தம் தாங்கலன்னான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல பேச்சே இருக்காது, சுவத்து பக்கம் திரும்பி படுத்துப்பான், குழந்தை பக்கத்துல வந்து ரெண்டு தடவ கூப்பிட்டா கத்துவான், கத்திட்டு அவனே அழுவான். எங்க அம்மா திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்கு வேண்டிகிட்டாங்க, பக்கத்து வீட்டு பாய் சொன்னாருன்னு தர்காவுக்கு கூட்டிட்டு போய் மந்திரிச்சாங்க. வேலைக்கு திரும்ப போனான். அங்கதான் எல்லாம் தெரிய வந்துச்சு. நம்பரை பாப்பான், குனிவான், முதல் நாலு எழுத்து எழுதறதுக்குள்ள மீதி காணாம போயிடும். மறுபடி நிமிந்து பாப்பான், பின்னாடி லாரிக்காரங்க ஹார்ன் அடிப்பாங்க. கையில எழுதிக்க ஆரம்பிச்சான், உள்ளங்கை பூரா பேனா மை, அப்பவும் 6-ம் 9-ம் மாத்தி எழுதினான். கூட வேலை செய்யறவங்க "இன்னா, காலையிலயே சரக்கா"ன்னு கேட்டிருக்காங்க. அவன் பீடி கூட பிடிக்காதவன். ரெண்டாவது தடவ தப்பான பெட்டி வெளிய போனப்போ நாளையிலேருந்து வரவேணாம்னுட்டாங்க. வீட்டுல நாங்களும் சொன்னோம் ஐயா, அதை மறைக்க மாட்டேன், "ஸ்கேன் நார்மல்னு டாக்டரே சொல்லிட்டாரு, நீதான் மனசை திடமா வெச்சுக்கணும்"னு நானே சொன்னேன். லேப்ல வேலை பாக்கற நானே சொன்னேன்.

மூணு மாசம் கழிச்சு எங்க லேப்புக்கு வர்ற ஒரு டாக்டரம்மாகிட்ட பேச்சுவாக்குல சொன்னப்போ அவங்கதான் எம்ஆர்ஐ எடுங்க, அதுல எஸ்டபிள்யூஐன்னு, நுண்ணிய ரத்தக்கசிவை காட்டற ஒரு தனி வகை படம் இருக்கு, அதையும் சேத்து எடுக்க சொல்லுங்கன்னாங்க. வளையலை அடகு வெச்சு எடுத்தோம். முன்மூளை பக்கம் மிளகு தூவின மாதிரி சின்ன சின்னதா கருப்பு புள்ளி. நுண்ணிய ரத்தக்கசிவோட தழும்பு, நரம்பு இழைங்க இழுபட்டு அறுந்ததோட அடையாளம்னு டாக்டர் சொன்னாரு. தம்பி அந்த ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு ரொம்ப நேரம் பாத்துகிட்டே இருந்தான், அப்புறம் "அப்போ நான் சோம்பேறி இல்லல்லக்கா"ன்னு கேட்டான். அதுக்கு மேல என்னால அங்க நிக்க முடியல.

இந்த எம்ஆர்ஐயால புதுசா ஒரு மருந்தும் கிடைக்கல, அதையும் சொல்லிடறேன், யாரும் தப்பா நினைச்சு உடனே காசு செலவு பண்ண வேணாம். கிடைச்சது என்னன்னா, இது காயம், இதுக்கு நேரம் கொடுக்கணும், தூக்கம் முக்கியம், வேலையை கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும், ஞாபகத்துக்கு பயிற்சி இருக்கு அப்படிங்கற தெளிவு. அது முதல் வாரமே தெரிஞ்சிருந்தா அந்த வேலை போயிருக்காது. எனக்கு ஆத்தாமையே இதுதான்.

சிடி பொய் சொல்லலைங்க. சிடி பாக்கறது எலும்பு, புது ரத்தம், வீக்கம், மூளை ஒரு பக்கமா நகந்திருக்கா இல்லையா, இதெல்லாம். 1971-ல லண்டன்ல முதல் நோயாளிக்கு எடுத்ததுலேருந்து இன்னைக்கு வரைக்கும், உடனே மண்டையை திறந்து ஆபரேஷன் பண்ணணுமா வேணாமான்னு சில நிமிஷத்துல சொல்றதுக்கு அதை மிஞ்சி ஒண்ணும் இல்ல. ஆனா எங்க ஏரியா பொம்பளைங்களுக்கு ஒண்ணு சொன்னா புரியும். லாரி தண்ணி பிடிச்சு பிளாஸ்டிக் குடத்தை இடுப்புல வெச்சு வேகமா வரோம், திடீர்னு ஒரு வண்டி குறுக்க வருது, சட்டுனு நிக்கறோம். குடம் நின்னுடும், உள்ள தண்ணி நிக்காது, அலம்பி ஒரு சுத்து சுத்தும். குடத்துல ஒரு கீறல் கூட இருக்காது. மண்டையும் அப்படித்தான், உள்ள மூளை திருகிக்கும்போது நூலை விட பல மடங்கு மெல்லிசான நரம்பு இழைங்க இழுபடுது, சிலது அறுந்து போகுது. அது சிடி கண்ணுக்கு பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐக்கு கொஞ்சம் தெரியும், அதுக்கும் எல்லாம் தெரியறதில்ல.

இப்போ ரத்தத்துக்கு வரேன், இது என் வேலை. நெஞ்சுவலின்னு ஒருத்தர் வந்தா ட்ரோபோனின் பாக்கறோம், இதயத் தசை சேதமானா அதுலேருந்து கசியற புரதம் அது. மூளைக்கு அப்படி ஒண்ணு இல்லையான்னு ரொம்ப வருஷமா தேடினாங்க. எஸ்100பின்னு ஒரு புரதத்தை 2013-லயே ஸ்காண்டிநேவிய நாட்டு டாக்டருங்க தங்களோட வழிமுறையில சேத்தாங்க, அடிபட்ட ஆறு மணி நேரத்துக்குள்ள எடுத்து அளவு குறைவா இருந்தா சிலருக்கு சிடி தேவையில்லைன்னு. ஆனா அது எலும்பு உடைஞ்சாலும் ஏறும், பைக்ல விழுந்தவனுக்கு தலை மட்டுமா அடிபடுது. அப்புறம் வந்ததுதான் உங்க செய்தியில இருந்த ரெண்டு, ஜிஎஃப்ஏபி, யூசிஎச்-எல்1. முதல்ல சொன்னது மூளையில நரம்பு செல்லுங்களுக்கு தாங்கலா இருக்கற துணை செல்லுங்கள்லேருந்து வருது, ரெண்டாவது நரம்பு செல்லோட உடம்புலேருந்து. யூசிஎச்-எல்1 சீக்கிரம் ஏறும், எட்டு மணி நேரம் வாக்குல உச்சத்துக்கு போய் இறங்க ஆரம்பிச்சிடும், ஜிஎஃப்ஏபி மெதுவா ஏறி 20 மணி நேரம் வாக்குல உச்சத்துக்கு வரும், அப்புறமும் நாள் கணக்குல நிக்கும். அதனால எத்தனை மணிக்கு அடிபட்டுச்சு, எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தோம், இந்த ரெண்டும் சீட்டுல இல்லன்னா அந்த ரிசல்ட்டுக்கு அர்த்தமே இல்ல. எங்க தொழில்ல இருக்கறவங்களுக்கு இதோட வெயிட்டு தெரியும்.

அமெரிக்காவுல மருந்துக்கும் டெஸ்டுக்கும் அனுமதி கொடுக்கற எஃப்டிஏ, 2018 பிப்ரவரியில இந்த ரெண்டையும் சேத்து பாக்கற டெஸ்டுக்கு அனுமதி கொடுத்துச்சு. 1,959 பேரை வெச்சு பாத்த ஆய்வு, டெஸ்ட் நெகட்டிவ்னு வந்தா சிடியில காயம் இருக்காதுங்கறது 99.6 சதவீதம் சரியா இருந்துச்சு. அப்போ பெரிய லேப்லதான் பண்ண முடியும், மணிக்கணக்குல ஆகும். 2024-ல அபாட் கம்பெனியோட கையடக்க மெஷின்ல நேரடியா முழு ரத்தத்துலயே பாக்கற கார்ட்ரிட்ஜுக்கு அனுமதி வந்துச்சு, ரத்த அணுக்களை எண்ற சிபிசி டெஸ்டுக்கு எடுக்கற அதே இடிடிஏ டியூப்தான் (ரத்தம் உறையாம வெக்கற டியூப்), மெஷின்ல சுத்தி ரத்தத்தை பிரிக்க கூட வேணாம், 15 நிமிஷம். அடிபட்டு 24 மணி நேரத்துக்குள்ள, 18 வயசும் அதுக்கு மேலயும், நினைவு பெருசா குறையாம இருக்கறவங்களுக்குத்தான். நினைவு இல்லாம வர்றவங்களுக்கு டெஸ்டும் வேணாம் ஒண்ணும் வேணாம், நேரா சிடிக்கு தள்ளிட்டு ஓடணும்.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமா பட்ட விஷயம் உங்க செய்தியில வரல. அந்த 1,959 பேர் ஆய்வுலயே, சிடி சுத்தமா இருந்தும் ரத்தத்துல பாசிட்டிவ் காட்டினவங்க நிறைய பேரு, பாதிக்கும் மேல. இதை பொய் பாசிட்டிவ்னு ஒதுக்கிட்டு போயிடலாம். ஆனா ட்ராக்-டிபிஐன்னு அமெரிக்காவுல தலைக்காயத்தை பத்தின பெரிய ஆய்வுல, 2019-ல வந்த ரிசல்ட்டு, சிடி நார்மலா இருந்த 450 பேருக்கு ரெண்டு வாரம் வாக்குல எம்ஆர்ஐ எடுத்து பாத்தாங்க, 120 பேருக்கு மூளையில காயம் இருந்துச்சு. நூத்துக்கு 27 பேரு. அடிபட்ட அன்னைக்கு யாருக்கு ஜிஎஃப்ஏபி ரொம்ப ஏறியிருந்துச்சோ அவங்கள்ல 64 சதவீதம் பேருக்கு எம்ஆர்ஐயில காயம், ரொம்ப கம்மியா இருந்தவங்கள்ல 8 சதவீதம். அப்போ சிடியை வெச்சு பொய்னு சொன்ன பாசிட்டிவ்ல ஒரு பங்கு பொய்யே இல்ல, சிடிக்கு தெரியல அவ்வளவுதான். இதை படிச்சப்போ எனக்கு தம்பி முகம்தான் ஞாபகம் வந்துச்சு.

அதனால என் அபிப்ராயம் என்னன்னா, அவங்க ஊர்ல இந்த டெஸ்டை கொண்டு வந்தது தேவையில்லாத சிடியை குறைக்கறதுக்கு. நமக்கு அது பெரிய பிரச்சனை இல்ல, நம்ம பிரச்சனை வேற. ஒண்ணு, சிடி மெஷின் இல்லாத சின்ன ஆஸ்பத்திரிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தர் வந்தா அவரை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமா இங்கேயே வெச்சு பாக்கலாமான்னு முடிவு பண்ண இது உதவும், இங்க மணலி, கத்திவாக்கம் பக்கத்துலேருந்து வர்றவங்க லாரி டிராஃபிக்ல மாட்டிகிட்டு நிக்கற நேரத்தை நினைச்சு பாருங்க. இன்னொண்ணு, இதுதான் எனக்கு பெருசு, சிடி நார்மல்னு வீட்டுக்கு அனுப்பறவங்கள்ல யாரை கண்டிப்பா திரும்ப கூப்பிட்டு பாக்கணும்னு இது காட்டிக்கொடுக்கும். எல்லாருக்கும் எம்ஆர்ஐ எடுக்க முடியாது, அரை மணி முக்கா மணி ஒரு ஆளுக்கு ஆகும், காத்திருக்கற லிஸ்டு எல்லாருக்கும் தெரியும். ஜிஎஃப்ஏபி ஏறினவங்களுக்கு மட்டும் எடுங்கன்னா அது நடக்கற காரியம். நான் வேலை பாக்கற லேப்ல இந்த டெஸ்ட் இல்ல, வந்தா முதல் ஆளா நான் கத்துக்க ரெடி. ஒரு எச்சரிக்கையும் சொல்லணும், வயசானவங்களுக்கு ஜிஎஃப்ஏபி இயல்பாவே கொஞ்சம் தூக்கலா இருக்கும், இளவட்டங்களுக்கு வெச்ச அதே அளவையே அவங்களுக்கும் வெச்சா தேவையில்லாம பயமுறுத்திடுவோம்.

இனிமே என்ன ஆகும்னு முன்கூட்டியே சொல்ற விஷயமும் இருக்கு. எங்க தெரு கடைசி வீட்டு பையன், 22 வயசு, லாரி மோதி பதினேழு நாள் கோமாவுல கெடந்தான். அவங்க அம்மா ஐசியூ வாசல்ல ஒரே கேள்விதான் கேப்பாங்க, "பொழைச்சுப்பானா சார்". மூணு டாக்டர் மூணு விதமா சொன்னாங்க. இதுக்கும் கணக்கு இருக்குங்க. க்ராஷ்னு ஒரு கணக்கீடு, 10,000 பேருக்கு மேல பல நாட்டு நோயாளிங்களை வெச்சு 2008-ல வந்தது, வயசு, நினைவு எவ்வளவு இருக்குன்னு போடற மார்க்கு, கண் பாப்பா வெளிச்சத்துக்கு சுருங்குதா, வேற இடத்துல பெரிய அடி இருக்கா, இதை போட்டு அதோட சிடியில என்ன தெரியுதுன்னும் சேத்தா 14 நாள்ல உயிர் போற வாய்ப்பு எவ்வளவு, ஆறு மாசத்துல நிலைமை மோசமா இருக்கற வாய்ப்பு எவ்வளவுன்னு சொல்லும். அதுல எந்த நாடுன்னும் கேக்கும். பணக்கார நாட்டுக்கு ஒரு கணக்கு, நம்மள மாதிரி நாட்டுக்கு வேற கணக்கு. அதே வயசு, அதே அடி, அதே ஸ்கேன், நாடு மாறினா பொழைக்கற வாய்ப்பு மாறுது. இதை நான் ரெண்டு தடவ படிச்சேன், ஜீரணிக்க முடியல.

ரத்தத்துல பாத்தும் முன்கூட்டி சொல்லலாம்னு 2022-ல அதே ட்ராக்-டிபிஐ ஆளுங்க சொல்லியிருக்காங்க, 1,696 பேர். அடிபட்ட அன்னைக்கு எடுத்த ஜிஎஃப்ஏபி, யூசிஎச்-எல்1 அளவை வெச்சு ஆறு மாசத்துக்குள்ள இறந்து போறதையும் ரொம்ப மோசமா ஊனமாகறதையும் நல்லாவே சொல்ல முடியுதாம். ஆனா என் தம்பி மாதிரி, பொழைச்சு நடமாடி, அப்பவும் முழுசா பழையபடி ஆகாதவங்களை அது சரியா கண்டுபிடிக்கல. இது தெரிஞ்சுக்கறது நல்லது, இல்லன்னா ரத்தம் நார்மல்னு சொல்லி மறுபடியும் அதே கதையைத்தான் ஆரம்பிப்போம். இன்னொரு பயமும் எனக்கு இருக்கு, இந்த நம்பரை காட்டி "இவரு தேறமாட்டாரு"ன்னு சீக்கிரமே கைவிட்டுடக்கூடாது. 2021-ல வந்த கணக்கு, ரொம்ப தீவிரமா அடிபட்டவங்கள்ல ரெண்டாவது வாரத்துல ஓரளவு நல்ல நிலைமையில இருந்தவங்க நூத்துக்கு 12 பேருதான், ஒரு வருஷம் கழிச்சு பாத்தா 52 பேரு. நல்ல நிலைமைன்னா பகல்ல ஒரு எட்டு மணி நேரம் தனியா விட்டுட்டு போகலாம்ங்கற அளவுக்காவது. எங்க தெரு பையன் இப்போ கோல் ஊணி நடக்கறான், கடைக்கு போய் பால் பாக்கெட் வாங்கிட்டு வரான், பாக்கி சில்லறையை எண்ணி வாங்க மட்டும் தங்கச்சி கூட போகணும். பதினேழாவது நாள் யாரும் இதை சொல்லல.

அந்த "மைல்ட்"ங்கற வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னும் தேடி படிச்சேன். 1974-ல கிளாஸ்கோ ஊர்ல டீஸ்டேல், ஜென்னட்னு ரெண்டு டாக்டருங்க கண்ணு திறக்கறது, பேசறது, கை கால் அசைக்கறது இதுக்கு மார்க் போடற ஒரு அளவு கொண்டு வந்தாங்க, இப்போ அது 3-லேருந்து 15 வரைக்கும். 13-ம் அதுக்கு மேலயும் இருந்தா மைல்ட், 9-லேருந்து 12 மாடரேட், 8-ம் அதுக்கு கீழயும் சிவியர். நினைவு எவ்வளவு இருக்குன்னு நிமிஷத்துல தெரிஞ்சுக்க அது அருமையான அளவு, கழிச்சு கட்டவே முடியாது. ஆனா அந்த ஒரு மார்க்கை வெச்சு காயமே லேசுன்னு பேர் வெச்சதுதான் தப்பு. 2019-ல வந்த இன்னொரு கணக்குல, அந்த மைல்ட் ஆளுங்கள்ல பாதிக்கு மேல, 53 சதவீதம் பேரு, ஒரு வருஷம் கழிச்சும் அன்றாட வாழ்க்கையில ஏதோ ஒரு கஷ்டம் இருக்குன்னு சொல்லியிருக்காங்க. 2025 மே மாசம் லான்செட் நியூராலஜி பத்திரிகையில பல நாட்டு நிபுணருங்க சேர்ந்து புதுசா ஒரு முறை சொன்னாங்க, நினைவு மார்க்கோட அறிகுறி, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், அப்புறம் அந்த ஆளோட பழைய உடம்பு நிலை, வீட்டு நிலை எல்லாத்தையும் சேத்து எழுதணும், வெறும் மைல்ட் மாடரேட் சிவியர்னு ஒத்தை வார்த்தையில முடிக்கக்கூடாதுன்னு. தம்பியோட சீட்டுல "நினைவு 15, சிடி நார்மல், ஒரு மணி நேரம் கேட்டதையே திரும்ப திரும்ப கேட்டார்"னு எழுதியிருந்தா கூட போதும், அவன் சூப்பர்வைசருக்கு காட்ட ஒரு பேப்பர் இருந்திருக்கும்.

வயசானவங்க விஷயம் வேற. காசிமேட்டுல மீன் விக்கற ஒரு ஆயா, பாத்ரூம்ல வழுக்கி சுவத்துல தலை இடிச்சுகிட்டாங்க, ஒண்ணும் இல்லன்னு கூடையை தூக்கிகிட்டு போயிட்டாங்க. ஏழு வாரம் கழிச்சு ஒரு கால் இழுக்குது, பேச்சு குழறுது, வயசாச்சுல்லன்னு எல்லாரும் விட்டுட்டாங்க. பேத்திதான் பிடிவாதமா கூட்டிட்டு போச்சு. சிடியில மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவுல பழைய ரத்தம் தேங்கி நிக்குது, சின்னதா துளை போட்டு வெளிய எடுத்தாங்க, பத்து நாள்ல ஆயா பேரம் பேச வந்துட்டாங்க. அடிபட்ட அன்னைக்கே சிடி எடுத்திருந்தா கூட இது தெரியாம போயிருக்கலாம், இது மெதுவா வாரக்கணக்குல சேர்ற ரத்தம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இன்னும் கவனம் வேணும்.

அப்புறம் நம்ம ஏரியா பாக்ஸிங் பசங்க. இங்க பாக்ஸிங்னா உசுரு, என் சொந்தத்துலயே மூணு பேரு ஆடறாங்க, நான் அதுக்கு எதிரி கிடையாது. ஆனா பாக்ஸருங்களுக்கு மூளை தளந்து போறதை அமெரிக்காவுல ஒரு டாக்டர் 1928-லயே எழுதி வெச்சிருக்காரு, கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சு. என்எஃப்எல்னு நரம்பு இழையிலேருந்தே வர்ற ஒரு புரதம் இருக்கு, மேட்ச் முடிஞ்ச பாக்ஸருங்க ரத்தத்துல அது ஏறி நிக்கறதை பாத்திருக்காங்க. மாஸ்டருங்க கால்ல விழுந்து கேக்கறேன், தலையில குத்து வாங்கி கிறுகிறுத்த பையனை அன்னைக்கே திரும்ப ரிங்ல ஏத்தாதீங்க, டாக்டர் பாத்து சொல்றவரைக்கும் ஸ்பாரிங் (பயிற்சி சண்டை) கூட வேணாம்.

நம்ம ஊர்ல இதுக்கு அடித்தளம் இல்லாம இல்ல. 1950-லயே டாக்டர் பி. ராமமூர்த்தி ஐயா சென்னை ஜிஎச்சுல (அரசு பொது ஆஸ்பத்திரியில) மூளை அறுவை சிகிச்சை பிரிவை ஆரம்பிச்சு வெச்ச ஊர் இது. 2021 டிசம்பர்ல அரசாங்கம் இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48 திட்டம் கொண்டு வந்துச்சு, ரோட்ல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை, தனியார் ஆஸ்பத்திரியிலயும். எத்தனையோ உயிரை காப்பாத்தின திட்டம், கையெடுத்து கும்பிடறேன். ஆனா என் தம்பிக்கு கஷ்டம் ஆரம்பிச்சதே எட்டாவது நாள்தான். அந்த 48 முடிஞ்சு 49-வது மணி நேரத்துலேருந்து யாரு பாக்கறதுன்னுதான் நான் கேக்கறேன். ரத்த டெஸ்டும் எம்ஆர்ஐயும் வர லேட் ஆகலாம், காசு வேணும், புரியுது. காசே ஆகாத வேலை இருக்கே. தலையில அடிபட்டு வீட்டுக்கு போற ஒவ்வொருத்தருக்கும் தமிழ்ல ஒரு சீட்டு, ரெண்டாவது வாரத்துக்கு தேதி போட்டு ஒரு ரிவ்யூ, அதுக்கு வராதவங்களுக்கு ஒரு போன். பிரசவமான பொம்பளைங்களை வீடு தேடி வந்து பாக்கற நர்ஸம்மாங்க இருக்கற ஊர் இது, இதுவும் முடியும். வடசென்னையில வாரத்துக்கு ஒரு நாள் தலைக்காய ரிவ்யூ ஓபி ஒண்ணு, அங்க ஞாபகசக்தி, பேலன்ஸ், தூக்கம், கோபம் எல்லாம் கேட்டு எழுத ஒரு ஆள். இந்த ஏரியாவுல லாரியும் பைக்கும் ஒரே ரோட்ல ஓடற வரைக்கும் அந்த ஓபி காலியா இருக்காது.

தம்பி இப்போ ஒரு ஹார்டுவேர் கடையில அரை நாள் வேலைக்கு போறான், கடைக்காரருக்கு எம்ஆர்ஐ ரிப்போர்ட்டை காட்டித்தான் கேட்டோம், அவரும் பெரிய மனசு பண்ணி சேத்துகிட்டாரு. போன ஞாயித்துக்கிழமை எக்ஸ்பிரஸ் ரோட்ல என் கூட வரும்போது ஒரு லாரியை பாத்து நம்பர் சொன்னான், ஏழு எண்ல அஞ்சு சரியா இருந்துச்சு.

ஐயா, இந்த லெட்டரை முழுசா போட இடம் இல்லன்னா இந்த ஒரு பாராவை மட்டுமாவது கட்டம் கட்டி போடுங்க. தலையில அடிபட்டவங்களை வீட்டுக்கு கூட்டிட்டு வந்த பிறகு திரும்ப திரும்ப வாந்தி, ஏறிகிட்டே போற தலைவலி, எழுப்பினாலும் சரியா எழுந்திருக்காம மயக்கமா இருக்கறது, வலிப்பு, கை கால் ஒரு பக்கம் பலமில்லாம போறது, பேச்சு குழறறது, ஒரு கண் பாப்பா மட்டும் பெருசா தெரியறது, காதுலயோ மூக்குலயோ ரத்தமோ தண்ணி மாதிரியோ வர்றது, ஆளே அடையாளம் தெரியாம பேசறது, இதுல எது இருந்தாலும் அந்த நிமிஷமே 108-க்கு போன் பண்ணுங்க, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. இதெல்லாம் இல்லாம ஞாபக மறதி, எரிச்சல், வெளிச்சம் சத்தம் தாங்காம போறது ரெண்டு வாரம் தாண்டியும் இருந்தா ஸ்கேன் நார்மல்னு சொல்லியிருந்தாலும் திரும்ப டாக்டர்கிட்ட போங்க. வடசென்னையில எந்த அரசு ஆஸ்பத்திரியில எந்த கிழமை இதுக்கு போய் காட்டலாம்னு உங்க நிருபர் விசாரிச்சு எழுதினா புண்ணியமா போகும்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்,
தண்டையார்பேட்டை, சென்னை.